அடிக்கட்டைக்குள் ஓர் எண்ணெய்க் குப்பி

ஒன்டாரியோ மாகாணத்துச் சிற்றூர்களில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சிறுவர்களாக இருந்தவர்கள் ஒரு காட்சியைச் சொல்வார்கள். ஊர் இரும்புக்கடை. மண்வாரியும் கோடாலிக் காம்பும் சாய்த்து வைத்திருக்கும் மூலையில் ஒரு மரப்பீப்பாய். அதற்குள் த்ரீ நாட் த்ரீ ரைஃபிள்கள் குழல் மேலே பார்க்க நெருக்கியடித்து நிற்கும். விலை பத்து, பதினைந்து டாலர். போர் முடிந்ததும் பட்டாளம் வேண்டாமென்று கழித்த லீ-என்ஃபீல்டுகள். மான் வேட்டைக்குப் போகிற விவசாயி ஒன்றை உருவி எடுத்து, போல்டை இரண்டு தடவை இழுத்துத் தள்ளிப் பார்ப்பார். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார். பிடித்திருந்தால் ஒரு தோட்டாப் பெட்டியும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார். ஒரு சாம்ராஜ்யத்தின் காலாட்படை தலைமுறை தலைமுறையாகத் தோளில் சுமந்த ஆயுதம், ஆணியும் கயிறும் விற்கிற கடையில் நின்ற காலம் அது.

நான் இங்கே வந்து சேர்ந்தபோது பீப்பாய்கள் போய்விட்டன. ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் கூடுகிற சந்தைகளும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சமூகக் கூடத்திலோ, கோடையில் ஐஸ் இல்லாத ஹாக்கி அரங்கிலோ பழைய ராணுவப் பொருள்களின் சந்தை கூடும். மடக்கு மேஜைகள் வரிசையாகப் போட்டிருக்கும். ரைஃபிள்கள், பயனெட்டுகள், தொப்பி முத்திரைகள், கான்வாஸ் பைகள், பதக்கங்கள். மெழுகுத்தாளும் பழைய கிரீஸும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த ஒரு வாசனை கூடம் முழுக்க நிற்கும். அந்த வாசனை இப்போது எங்கேயாவது வந்தால், யாரோ என் தோளைத் தொட்டுக் கூப்பிட்ட மாதிரி நின்றுவிடுகிறேன்.

அங்கேதான் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கமானார். கனடாக் காலாட்படையோடு இத்தாலிக்குப் போனவர். 1943 டிசம்பரில் ஓர்ட்டோனா நகரத்துக்குள் வீடு வீடாக நடந்த சண்டையில் இருந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் கூடத்தைப் பூட்டும்வரை பேசுவார்.

மேஜையில் கிடக்கும் லீ-என்ஃபீல்டை அவர் எடுத்துப் பார்க்கிற முறையே வேறு. மற்றவர்கள் குழலைப் பார்ப்பார்கள், எண்களைப் பார்ப்பார்கள். அவர் முதலில் துப்பாக்கியைத் திருப்பி, அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டில் இருக்கும் சின்ன மூடியைக் கட்டைவிரலால் தள்ளித் திறப்பார். உள்ளே விரலை விட்டுத் துழாவுவார். காலியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிடுவார். உள்ளே ஏதாவது தட்டுப்பட்டால்தான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவார்.

அந்தப் பொந்துக்குள் இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். ஒன்று எண்ணெய்க் குப்பி. நடுவிரல் நீளத்தில் பித்தளையில் செய்தது. மூடியைத் திருகித் திறந்தால் மூடியோடு சேர்ந்த மெல்லிய கரண்டி ஒன்று வெளியே வரும். அதன் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் நிற்கும். போல்டின் மேல் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் அந்தச் சொட்டை வைக்கலாம். மூடிக்கடியில் ஒரு தோல் வளையம், எண்ணெய் கசியாமல் இருக்க. பின்னாளில் பித்தளைக்குப் பதிலாக எஃகும், அப்புறம் கறுப்புப் பிளாஸ்டிக்கும் வந்தன. இரண்டாவது பொருள் புல்த்ரூ. ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கெட்டிக் கயிறு. மறுமுனைப் பக்கம் மூன்று கண்ணிகள். குண்டுக்குக் கிட்டத்தில் இருக்கும் கண்ணி கம்பி வலைக்கு, நடுக்கண்ணி துணிக்கு. கடைசிக் கண்ணி, துணி நடுக்குழலில் சிக்கிக்கொண்டால் பின்னால் இழுத்து எடுப்பதற்கு. துணி நாலங்குலத்துக்கு இரண்டங்குலம். ஃபோர் பை டூ என்றே பட்டாளத்தில் அதற்குப் பெயர்.

இந்தப் புல்த்ரூவை நான் முதன்முதலில் கையில் வாங்கியது தமிழ்நாட்டில், கல்லூரி என்.சி.சி.யில். ஆயுத அறையைக் கோத் என்பார்கள். கோத்தில் இருந்த த்ரீ நாட் த்ரீகளில் பாதி பரேடுக்கு மட்டுமே ஆனவை. சுடமுடியாதபடி செய்து, வெள்ளைப் பட்டை அடித்து, டி.பி. என்று எழுதியிருக்கும். மீதியைத்தான் ரேஞ்சுக்கு எடுத்துப் போவோம். நாலு கிலோ எடை. மெலிந்த பையன்களுக்கு அது முதல் வாரம் முழுக்கத் தோள்பட்டையில் வலித்துக்கொண்டே இருக்கும். ரேஞ்சு முடிந்து வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் துப்பாக்கி சுத்தம். ஹவில்தார் ஒருவர் எங்கள் வரிசைக்கு நடுவே நடந்தபடி சொல்லிக்கொண்டே வருவார்:

“தம்பி, கயிறு நேரா வரணும். சாய்ச்சு இழுத்தா குழல்வாய் தேயும். தேஞ்சுபோச்சுன்னா குண்டு எங்க போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. நிறுத்தாம ஒரே இழுப்பு!”

துணியை அவர் சிந்தி என்பார். சிந்தி வெள்ளையாக வெளியே வரும்வரை விடமாட்டார்.

பல வருஷம் கழித்து, உலகத்தின் இன்னொரு கோடியில், அந்த ஓர்ட்டோனாக்காரர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் எனக்குத் துப்பாக்கி துடைக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தபோது அதே வார்த்தைகளைச் சொன்னார். சாய்த்து இழுக்காதே, குழல்வாய் தேயும். நிறுத்தாமல் ஒரே இழுப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். வெவ்வேறு கொடிக்குக் கீழே நின்றவர்கள். ஆனால் இருவருக்கும் கற்றுக்கொடுத்த வாத்தியார்களின் வாத்தியார்கள் எங்கோ ஒரே மைதானத்தில் நின்றிருக்க வேண்டும். துப்பாக்கியோடு சேர்ந்து அந்தக் கைப்பழக்கமும் கடல் கடந்திருக்கிறது.

அன்று அவர் ஒரு தகரப் புனலை எடுத்துக் காட்டினார். நுனி ஒரு பக்கமாக வளைந்து, துப்பாக்கியின் பின்வாயில் சரியாகப் போய் உட்காரும்படி செய்த புனல். பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது உப்பாக மாறிக் குழலுக்குள் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மறுநாளே துரு. எண்ணெய் எவ்வளவு போட்டாலும் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் பட்டாளத்தில் சுட்டு முடிந்ததும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார்கள். பெரியவர் கெட்டிலைக் கொதிக்க வைத்தார். குழல்வாயை வாளிக்குள் வைத்து, புனலைப் பின்வாயில் பொருத்தி, மெதுவாக ஊற்றினார். முதலில் சாம்பல் நிறத்தில் வந்த தண்ணீர் போகப்போகத் தெளிந்தது. கொதிநீரின் சூட்டில் இரும்பு தானாகவே உலர்ந்துவிடும். அதன் பிறகு காய்ந்த துணி, கடைசியாக எண்ணெய்த் துணி. அந்த முப்பது நாற்பது நிமிஷ வேலையில் அவர் காட்டிய நிதானத்தை நான் கோயில் அர்ச்சகர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தோட்டாவுக்குள் இருந்த மருந்து கார்டைட். பொடியாக இருக்காது. சேமியாவைப் போல மெல்லிய கம்பிகளாகத் தோட்டாவின் நீளத்துக்கு அடுக்கியிருக்கும். நைட்ரோகிளிசரினையும் துப்பாக்கிப் பஞ்சையும் கொஞ்சம் கனிம ஜெல்லியோடு அசிட்டோனில் குழைத்து, அச்சுத் துளை வழியே பிழிந்து உலர்த்துவது. இந்தியாவில் இதற்கென்றே நீலகிரியில் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில வருஷங்களிலேயே கார்டைட் தொழிற்சாலை வந்துவிட்டது. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் வெலிங்டன் தாண்டியதும் அந்த நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். சந்தையில் பழைய இந்தியத் தோட்டாக்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குக் குன்னூர்ப் பக்கத்து மூடுபனி நினைவுக்கு வரும். அங்கே வேலை பார்த்த நம் ஊர்க்காரர்களின் உழைப்பு எந்தெந்தப் பாலைவனத்தில், எந்தெந்தக் காட்டில் போய் வெடித்ததோ!

சந்தையில் எனக்கென்று கிடைத்த துப்பாக்கிகளில் நான் நெஞ்சோடு வைத்திருப்பது ஓர் இஷாப்பூர். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, அடிக்கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தில் கிரீடமும் ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்தும் இருக்கும். இந்தியாவுக்கும் சக்கரவர்த்தியான ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் எழுத்துகள். சுதந்திரத்துக்குப் பிறகு செய்த துப்பாக்கிகளில் அந்தக் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி போட்டு முடுக்கியிருக்கும். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் சேர்த்த திருகாணி அது.  சில இஷாப்பூர் துப்பாக்கிகளின் முன்கட்டையில் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். குழல்வாயில் கிண்ணம் மாட்டிக் கையெறி குண்டை வீசுவதற்கு ஒதுக்கியவை அவை. அந்த அதிர்ச்சியில் மரம் பிளந்தாலும் சுடுகிறவன் கையில் சிதறக்கூடாது என்று கட்டிய கட்டு. மேஜையில் அதைப் பார்க்கிறவர்கள் யாரோ அழகுக்குச் சுற்றியது என்று நினைத்துக் கம்பியைப் பிரித்து எறிந்த கதைகள் உண்டு. கேட்கும்போதே வயிறு எரியும்.

என்.சி.சி.யில் நான் தோளில் சுமந்ததும் இப்படி ஒரு இஷாப்பூர்தான். ஆனால் இந்தியாவில் இருந்தவரை அதை என் வீட்டில் வைத்துக்கொள்ளக் கனவுகூடக் காண முடியாது. ராணுவத் தோட்டா என்பதால் த்ரீ நாட் த்ரீ அங்கே பொதுமக்களுக்குத் தடை. உரிமம் வாங்குகிறவர்களுக்காக அதே அமைப்பில் த்ரீ ஒன் ஃபைவ் என்று வேறு அளவில் அரசுத் தொழிற்சாலையே துப்பாக்கி செய்தது. போலீஸுக்கோ அதே துப்பாக்கியின் குழலைக் குடைந்து, மேகசினில் மரக்கட்டை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடுகிற மஸ்கட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூரிலேயே இதன் கடைசி வாரிசு பிறந்தது. புதிய 7.62 மி.மீ. தோட்டாவைச் சுடும், பன்னிரண்டு தோட்டாப் பெட்டி கொண்ட 2ஏ. பட்டாளத்தை விட்டுப் போன பிறகும் போலீஸ் நிலையங்களில் த்ரீ நாட் த்ரீ பல பத்தாண்டுகள் நின்றது. 2008 நவம்பரில் மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளுக்கு எதிரே ரயில்வே போலீஸார் இதை வைத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றும் மனசு பதறும். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தது. வேலை செய்யும் காலம் முடிந்த பிறகும் ஓய்வு கொடுக்காமல் வைத்திருந்தது ஆயுதத்துக்கும் கொடுமை, ஏந்தியவனுக்கும் கொடுமை.

இந்தத் துப்பாக்கிக்கும் நான் வந்து சேர்ந்த மண்ணுக்கும் ஒரு பழைய உறவு இருப்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இதன் பெயரில் இருக்கும் லீ, ஜேம்ஸ் பாரிஸ் லீ. 1831இல் ஸ்காட்லாந்தின் ஹாவிக்கில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு ஒன்டாரியோவின் கால்ட் ஊருக்கு வந்தவர். கால்ட் இப்போது கேம்பிரிட்ஜ் நகரத்தின் ஒரு பகுதி. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டியைத் துப்பாக்கியின் வயிற்றில் மாட்டி, அடியில் ஸ்பிரிங் வைத்து மேலே தள்ளுகிற யோசனை அவருடையது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலையின் குழலோடு அது சேர்ந்து 1895இல் லீ-என்ஃபீல்டு ஆனது. முதல் உலகப்போரில் கனடா தன் சொந்த ராஸ் ரைஃபிளோடுதான் பிரான்சுக்குப் போனது. குறி தப்பாத துப்பாக்கி. ஆனால் 1915இல் ஈப்ரே சேற்றில் போல்ட் இறுகி நின்றுவிட்டது. காலால் உதைத்துத் திறக்க வேண்டிய நிலை. செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு கனடாக்காரர்கள் சண்டை போட்டார்கள். ராஸை வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் இன்றும் அந்தக் கதையைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

இரண்டாம் போருக்குக் கனடா தானே லீ-என்ஃபீல்டு செய்தது. டொரன்டோவை ஒட்டி, ஒன்டாரியோ ஏரிக்கரையில், லாங் பிராஞ்சில். 1941இலிருந்து நம்பர் 4 ரைஃபிள்கள் அங்கிருந்து புறப்பட்டன. போர்க்காலத்தில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேல். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பண்ணை வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவந்து, தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டு, இரவும் பகலும் மாறி மாறி நின்று செய்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் அளவுகோல் வைத்துச் சரிபார்த்து முத்திரை குத்தினார்கள். லாங் பிராஞ்ச் துப்பாக்கியைக் கழற்றினால் மரத்துக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் அந்தச் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். பெரியவர் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து அவற்றைக் காட்டுவார். “இந்தப் பெண்களில் ஒருத்தி கண் அசந்திருந்தால் நான் ஊர் திரும்பியிருக்க மாட்டேன்” என்று ஒருமுறை சொன்னார். ஓர்ட்டோனாவைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதில் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அந்தத் தொழிற்சாலை எழுபதுகளின் நடுவில் மூடிவிட்டது. பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். ஆயுதங்களைச் சோதித்த கட்டடமும் தண்ணீர்த் தொட்டியும் நிற்கின்றன. மிசிசாகா நகரம் அந்தக் கட்டடத்தைக் கலைக்கூடமாக்கியிருக்கிறது. ஓவியக் கண்காட்சியும் பாட்டும் நடக்கின்றன. அங்கே வரும் குழந்தைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் ஓடி விளையாடும் தரையில்தான் அந்தப் பெண்கள் நின்று முத்திரை குத்தினார்கள் என்று பெற்றோர்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

சந்தையில் மேஜையின் ஓரங்களில்தான் எனக்கு எப்போதும் கண். நடுவில் துப்பாக்கி இருக்கும். ஓரத்தில் பழைய பிஸ்கட் டப்பாக்களில் சில்லறைச் சாமான்கள். எண்ணெய்க் குப்பிகள், தோள்வார்க் கொக்கிகள், ஐந்து தோட்டா பிடிக்கிற சார்ஜர்கள். சார்ஜரில் தோட்டா அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஒன்று, மூன்று, ஐந்து கீழே. இரண்டும் நாலும் மேலே. அப்படி அடுக்கினால் சார்ஜரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சரியாக இறங்கும். இருட்டில், பயத்தில், கைநடுக்கத்தில் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. தாறுமாறாக அடுக்கினால் ஒரு தோட்டாவின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு துப்பாக்கி நின்றுவிடும். பெரியவர் பேசிக்கொண்டே விரல்களாலேயே அடுக்குவார், கண்ணால் பார்க்க மாட்டார்.

பயனெட்டுகளுக்குத் தனி மேஜை. 1907 மாடலின் அலகு மட்டுமே பதினேழு அங்குலம். ஜப்பானிய அரிசாகா ரைஃபிளின் பயனெட்டைப் பார்த்துச் செய்தது. முதலில் வந்தவற்றில் கைப்பிடிக்குக் கீழே ஒரு கொக்கி வளைந்து நிற்கும். 1913இல் அதை நீக்கினார்கள். ஏற்கெனவே கையில் இருந்தவற்றிலும் பெரும்பாலும் அறுத்துவிட்டார்கள். அதனால் கொக்கி தப்பிய பயனெட் கண்ணில் பட்டால் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். நம்பர் 4 துப்பாக்கிக்கு வந்ததோ கைப்பிடியே இல்லாத எட்டு அங்குல முள். அதன் முதல் மாடலைச் செய்தது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் தையல் மெஷின் தொழிற்சாலை. என் அம்மா காலால் மிதித்து எங்களுக்குச் சட்டை தைத்த மெஷினில் இருந்த அதே பெயர்! அந்தச் சேதி தெரிந்த நாளில் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போர் ஒரு நாட்டின் எந்தக் கையையும் விட்டுவைப்பதில்லை.

போனவற்றில் என்னை அதிகம் வருத்துவது அறுபட்ட மரங்கள். பத்து டாலருக்கு வாங்கிய துப்பாக்கியைக் காட்டில் சுமப்பதற்கு லேசாக்க வேண்டுமென்று, ரம்பத்தை எடுத்து முன்கட்டையைப் பாதியில் அறுத்து, மேல்கட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். குழலையும் கொஞ்சம் வெட்டுவதுண்டு. ஊருக்கு ஊர் பட்டறைகளில் நடந்த வேலை இது. அவர்கள்மேல் கோபம் கொள்ள எனக்கு உரிமையில்லை. குளிர்காலத்துக்கு இறைச்சி தேடிய குடும்பங்கள். அவர்களுக்கு அது ஒரு கருவி, நன்றாக உழைத்த கருவி. ஆனால் அறுத்தெறிந்த கட்டைகளோடு அவற்றில் குத்தியிருந்த எண்களும் முத்திரைகளும் அடுப்புக்குப் போயின. துப்பாக்கியின் உடலிலும் போல்டிலும் இருந்த எண்தான் முன்கட்டையின் நுனியிலும் இருந்தது. எல்லாம் ஒத்துப்போகிற துப்பாக்கியை இன்று தேடித் திரிகிறோம்.

குறிபார்த்துச் சுடுகிறவர்களின் நம்பர் 4 டி துப்பாக்கிகளுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். நன்றாகச் சுடுகிறவற்றைப் பொறுக்கி, லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்கு அனுப்பி, நம்பர் 32 தொலைநோக்கியைப் பொருத்தினார்கள். இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தொலைநோக்கி என்று ஜோடி சேர்த்து, தொலைநோக்கியின் எண்ணை அடிக்கட்டையின் கழுத்திலும், துப்பாக்கியின் எண்ணை அதைத் தாங்கும் இரும்பிலும் குத்தினார்கள். துப்பாக்கிக்கு ஒரு மரப்பெட்டி, தொலைநோக்கிக்கு ஒரு தகரப் பெட்டி. கழித்து விற்றபோது துப்பாக்கி ஒரு பக்கம், தொலைநோக்கி ஒரு பக்கம் போனது. மரப்பெட்டி யாரோ ஒரு தச்சரின் சாமான் பெட்டியாயிற்று. ஜோடி எண்களைக் கையேட்டில் எழுதிவைத்துக்கொண்டு, சந்தை சந்தையாக அலைந்து ஒன்றைத் தேடி மற்றொன்றோடு சேர்த்துவைப்பதையே ஆயுள் வேலையாகக் கொண்டவர்களை நான் அறிவேன். ஒரு ஜோடி சேர்ந்தால் அன்று கூடம் முழுக்கக் காபி அவர்கள் செலவு.

கனடாவில் வடதுருவத்துப் பக்கம் மட்டும் இந்தத் துப்பாக்கி அருங்காட்சியகப் பொருளாகாமல் நம் காலம்வரை வேலை பார்த்தது. 1947இல் அமைந்த கனடிய ரேஞ்சர்கள் என்ற படைப்பிரிவினர், அவர்களில் பலர் பழங்குடி மக்கள், நம்பர் 4ஐத்தான் ஏந்தினார்கள். உறைபனியிலும் இறுகாத துப்பாக்கி. வெள்ளைக் கரடி எதிரே வந்தால் நம்பி நிற்கலாம். 2010களின் கடைசியில்தான் புதிய சி-19 ரைஃபிள் அவர்கள் கைக்கு முழுதாக வந்தது. பழையதை விரும்பியவர்களுக்கு அன்பளிப்பாகவே தர அரசு முடிவெடுத்தது. உழைத்த கைக்கே உழைத்த ஆயுதம். இதைவிட நல்ல முடிவு வேறு எந்தத் துப்பாக்கிக்கும் வாய்த்ததாக நான் கேட்டதில்லை.

சந்தைகள் இப்போதும் அங்கங்கே கூடுகின்றன. வியாபாரம் பெரும்பாலும் ஏலத்துக்கும் கணினித் திரைக்கும் போய்விட்டது. விலை ஏறிவிட்டது. பிஸ்கட் டப்பாவில் ஒரு டாலருக்குக் கிடந்த பித்தளைக் குப்பி இன்று பஞ்சில் பொதிந்து தபாலில் வருகிறது. விலை ஏறியது பற்றி எனக்குக் குறையில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை என்பதுதான் குறை. பெரியவர் போய்விட்டார். அவருக்கு அடுத்த மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களோடு இத்தாலியும் நார்மண்டியும் பர்மாவும் போயின. பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது துப்பாக்கிக்கு விலை உண்டென்று தெரியும், விற்கிறார்கள். வளைந்த தகரப் புனல், கயிறு, துணிச்சுருள், தேய்ந்த கையேடு இவையெல்லாம் என்னவென்று தெரியாமல் குப்பைக்குப் போகின்றன. ஒரு சிப்பாய் தன் துப்பாக்கியை எப்படிப் பார்த்துக்கொண்டான் என்று சொல்லக்கூடிய சாட்சிகள் இந்தச் சில்லறைச் சாமான்கள்தான். சுட்டதைக் குழல் சொல்லும். ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து துடைத்ததைக் குப்பியும் கயிறும்தான் சொல்லும்.

இவை உயிரைக் குடிக்கவே பிறந்த கருவிகள். அதை மறந்துவிட்டு இவற்றின் அழகைப் பேசுகிறவரோடு எனக்கு ஒட்டாது. நான் வைத்திருப்பவை உரிமத்தோடு, பூட்டோடு, அலமாரிக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது இதன் முன்னால் நின்றவன் யார், பின்னால் நின்றவன் யார் என்ற நினைப்பு வராமல் போனதில்லை. அருவங்காட்டில் மருந்து பிழிந்தவர், லாங் பிராஞ்சில் முத்திரை குத்தியவள், கோத்தில் எங்களை அதட்டிய ஹவில்தார், ஓர்ட்டோனாவைப் பற்றிப் பேசாத பெரியவர் எல்லோரும் இதில் இருக்கிறார்கள். நான் இவற்றைச் சேர்த்ததற்கு அதுதான் காரணம், வேறில்லை.

ஆகவே இந்த வழியில் புதிதாக வருகிற இளையவர்களிடம் என் வேண்டுதல் சிலவே. முழுதாக வந்த துப்பாக்கியைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்காதீர்கள். பழைய மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தடவினால் போதும். இது யாரிடமிருந்து வந்தது, அவர் எங்கே இருந்தார், என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியோடு வையுங்கள். பார்த்துக்கொள்ள வாரிசு இல்லையென்றால் அந்தந்த ரெஜிமென்டின் அருங்காட்சியகத்துக்கு, சில்லறைச் சாமான்களோடு சேர்த்துக் கொடுங்கள். முதியவர் எவராவது இருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கயிறை எப்படி இழுப்பது என்று கேளுங்கள். புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருக்கிறதுதான். ஆனாலும் அவர் இழுத்துக் காட்டி, உங்கள் கையைப் பிடித்துத் திருத்தும்போதுதான் அது உங்களுக்கு வந்து சேரும். நாளை நீங்கள் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியும்.